விட்டா புடிக்காது

குன்னூர் மார்க்கெட் சரிவில், சலாவுதீன் பாயின் துணிக்கடை முன்னால் தனபால் வண்டியை நிறுத்தியபோது மணி இரண்டேகால். கார்த்திகை மாதத்துக் குளிர். வெயில் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. வண்டியின் பின்னால் பதினெட்டு பண்டல்கள். எல்லாம் குளிருக்கு உள்ளே போட்டுக்கொள்கிற முழுக்கை பனியன். பக்கத்து சீட்டில் மருதம்மாள், மடியில் ஒரு மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தாள். திருப்பூர் மண்ணரையில் ஏறியவள், இதுவரை இரண்டு தடவைதான் வாய் திறந்தாள். இரண்டு தடவையும் தண்ணீர் கேட்பதற்காக.

"வாங்க தனபால்" என்று வெளியே வந்த பாய், பாதியில் நின்றுவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது அதே வண்டிதானே?"

"ஆமாங்க பாய். டிங்கரிங் பண்ணி பெயின்ட் அடிச்சாச்சுங்க. எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலீங்க."

"எஞ்சினுக்கு ஆகல" என்றார் பாய். "சரி."

பிறகுதான் உள்ளே இருந்த பெண்ணைப் பார்த்தார். யாரென்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார்.

"அன்னைக்கு இதோ இந்த பெஞ்சுலதாம்மா உக்காந்து டீ குடிச்சார். ரெண்டு பன்னு வாங்கினார், ஒண்ணைச் சாப்பிட்டார், ஒண்ணைக் காகிதத்துல மடிச்சு வெச்சுக்கிட்டார். நல்ல மனுசன். பதினோரு வருசமா எங்கடைக்கு வந்தார், ஒரு பனியன் குறைஞ்சதில்லை."

கடைசி வாக்கியத்தை அவர் மருதம்மாளிடம் சொல்லவில்லை. தனபாலைப் பார்த்துச் சொன்னார். தனபால் பண்டல் எண்ணுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. மருதம்மாளின் கணவன், பனியன் கம்பெனி டிரைவர் காசிமாயன் செத்து நான்கு மாதம் ஆகிறது. ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, இதே கடையில் சரக்கு இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு மலை இறங்கினான். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பவில்லை. தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு போய் ஒரு மரத்தில் முட்டி நின்றது. வண்டி நின்றுவிட்டது, கதவு திறந்துகொண்டு அவன் பள்ளத்தில் போய்விட்டான். போலீஸ் வந்து பார்த்தபோது கியர் லீவர் நியூட்ரலில் இருந்தது.

"இறக்கத்துல நியூட்ரல்ல உட்டுட்டு, மிச்சமாகற டீசல வெளிய வித்துருக்கறான். திருட்டுப் பய. செத்து மாட்டிக்கிட்டான்" என்றார் கம்பெனி முதலாளி செல்வக்குமார். பிணம் ஊருக்கு வந்து சேருவதற்கு முன்பே அந்தச் சொல் கட்டிங் மேஜையிலிருந்து அயர்ன் மேஜை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மருதம்மாள் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை பார்க்கிற வேலை. அன்றிலிருந்து அவள் பக்கத்து ஸ்டூலில் யாரும் உட்காருவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாருடைய டப்பாவாவது காணாமல் போனால், எல்லோரும் முதலில் அவளைத்தான் பார்க்கிறார்கள்.

தனபாலுக்கு மட்டும் வேறொன்று தெரியும்.

சரக்கு அனுப்புகிற பொறுப்பு அவனுடையது. ஒவ்வொரு டிரிப் முடிந்ததும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வண்டி மீட்டரே காட்டுகிற கணக்கை டிரைவர் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் முதலாளி டிரைவரைத் திட்டமாட்டார், தனபாலைத் திட்டுவார். பழைய டெம்போ ஓடிய காலத்திலிருந்தே கம்பெனியில் அதற்கு ஒரே வைத்தியம்தான்: இறக்கம் வந்தால் நியூட்ரல். இப்போது வந்திருப்பது ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச் கிடையாது, கியரை அதுவே போட்டுக்கொள்ளும் என்பதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. வண்டி மாறியது, வைத்தியம் மாறவில்லை.

அன்று காசிமாயனுக்கு இரண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியது தனபால்தான். சாவுச் செய்தி வந்ததும் முதல் வேலையாக, மருதம்மாளுக்குச் சொல்வதற்கும் முன்னால், அந்த இரண்டையும் அழித்தவனும் அவன்தான்.

அடுத்த மாதம் விபத்தைப் பற்றி விசாரணை. தனபால் என்ன எழுதிக் கொடுக்கிறானோ அதுதான் நிற்கும். காசிமாயன் திருடனா இல்லையா என்பது அவன் பேனா முனையில் இருந்தது.

வண்டி பட்டறையிலிருந்து திரும்பி வந்ததும் மூன்று டிரைவர்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள்: "நம்மூரு பாலத்து இறக்கத்துலயே தானா ரெண்டாவது கியருக்கு வந்துருதுங்க. என்ன பண்ணாலும் ஏறமாட்டீங்குது." முதலாளி சிரித்தார். "அப்ப நீயே ஓட்டீட்டுப் போ தனபாலு. அந்தம்மா அவன் விழுந்த எடத்தப் பாக்கோணும்னு நச்சரிக்குதல்லொ, அதையும் கூட்டிட்டுப் போயிக் காட்டீட்டு வந்துரு. ஒருக்காப் பாத்துட்டா அடங்கிக்கும்."

மூன்று மணிக்கு மலை இறங்க ஆரம்பித்தார்கள். பனி கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு மட்டும் முதலில் தெரியும். பஸ் அப்புறம் வரும்.

முதல் பெரிய சரிவில் தனபால் பிரேக்கை லேசாகத் தொட்டான். எஞ்சின் திடீரென்று உறுமியது. வண்டி யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல் அடங்கியது.

மருதம்மாள் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சார் இப்பிடிக் கத்துது?"

"பயப்படாதீங்க மருதம்மா. ஆட்டோமேட்டிக்கு வண்டி இப்படித்தானுங்க. இறக்கத்துல பிரேக்கைத் தொட்டா அதுவே புரிஞ்சுக்கிட்டு கியரைக் குறைச்சுக்கும். எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். பிரேக்குக்கு வேலை கம்மி. இங்க பாருங்க, மூணுன்னு காட்டுதல்லொ, மூணாவது கியர்."

அவள் மீட்டரில் எரிந்த அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு வளைவுகள் போயின.

"அம்புட்டு நல்ல வண்டி, அன்னைக்கு ஏன் சார் புடிக்கல?"

"நியூட்ரல்ல இருந்தாப் புடிக்காதுங்க. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டே இருக்காது. சும்மா உருண்டு போற பீப்பாயாட்ட. அப்பறம் பிரேக் ஒண்ணுதான். அது சூடேறிப் போச்சுன்னா..." தனபால் நிறுத்திக்கொண்டான்.

"புடிக்காது" என்றாள் மருதம்மாள், மெதுவாக. அந்தச் சொல்லை எங்கேயோ கேட்டவள்போல் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். "புடிக்காது."

ஒன்பதாவது வளைவில் உடைந்த இடத்தைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பழைய சுவரின் பாசிப் பச்சைக்கு நடுவே அந்த இடம் மட்டும் பல் கட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது. தனபால் ஓரங்கட்டினான். இறங்கவில்லை.

அவள் இறங்கினாள். சுவருக்கு அப்பால் பனிதான் இருந்தது, பள்ளம் தெரியவில்லை. குனிந்து மூன்று பிடி மண் எடுத்து மஞ்சள் பையில் போட்டாள். பிறகு, தாலி கட்டிய நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாத பெயரை உரக்கச் சொன்னாள்.

"காசிமாயா! வா. ஊருக்குப் போவோம்."

பனிக்குள் அந்தக் குரல் எங்கும் மோதவில்லை. திரும்பியும் வரவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் கதவைச் சாத்தினாள். பையை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"எங்க பக்கம் செத்தவுகள இப்பிடித்தான் சார் கூட்டியாருவோம். இல்லாட்டி விழுந்த எடத்துலயே நிப்பாக. வீடு போயிச் சேர்ற வரைக்கும் ரெண்டே விசயந்தான். திரும்பிப் பாக்கக் கூடாது. வண்டியில இருக்கவுக பொய் பேசக் கூடாது. பேசுனா பாதியிலயே விட்டுட்டு எறங்கிருவாக."

"சரிங்க" என்றான் தனபால்.

வண்டியை எடுத்தான். பிரேக்கை அவன் இன்னும் தொடவில்லை.

மீட்டரில் இரண்டு என்று வந்தது.

எஞ்சின் ஓங்கிக் குரல் எடுத்தது. வண்டி மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. தனபால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான், ஏறவில்லை. லீவரை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, திரும்பவும் டிரைவில் போட்டான். இரண்டு. அவன் காலும் கையும் அந்த வண்டிக்குத் தேவைப்படவே இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவு, ஒரு பொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினோரு வருடம் இதே ரோட்டில் ஓட்டிய ஒருவன் எப்படி இறங்குவானோ அப்படி இறங்கிக்கொண்டிருந்தது.

கேபினுக்குள் குளிர் கூடியது. இரண்டு பேர் மூச்சு விடுகிற கேபினில், கண்ணாடியில் மூன்று இடத்தில் ஆவி படிந்திருந்தது.

மருதம்மாள் இடுப்பிலிருந்து ஒரு போனை எடுத்தாள். திரை கீறல் விழுந்த போன்.

"இது அவுக போனு சார். நீங்க அனுப்புனது ரெண்டு, அழிச்சுப் போட்டிருக்குன்னு வருது. நடுவுல அவுக பேசுனது மட்டும் இருக்கு. நாலு மாசமாக் கேக்குறேன், என்னன்னு வெளங்கல. நீங்க ஒருக்காக் கேளுங்க."

விரலால் தொட்டாள். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, டீக் குடித்த தெம்போடு, உயிரோடு இருந்த ஒருவனின் குரல் கேபினுக்குள் வந்தது.

"சார், இது ஆட்டோமேட்டிக் வண்டி. அதுல விட்டா புடிக்காது சார்... சரி சார். நீங்க சொன்னாச் சரி. விடுறேன்."

அவ்வளவுதான்.

"எதுல விட்டா புடிக்காதுன்னு சொல்றாக?" என்றாள். "நீங்க என்ன சார் சொன்னீக?"

"அது... வேற விசயமுங்க. பண்டல் கட்டற கயித்தப் பத்தி."

இரண்டு, நான்காக மாறியது.

எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்தது. அந்த அமைதிதான் முதலில் அவனைப் பயமுறுத்தியது. டயர் தார்மேல் ஓடுகிற ஓசை மட்டும் வேகமாகக் கேட்க ஆரம்பித்தது. வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தான். வண்டி முனகிக்கொண்டு திரும்பியது. எதிரே வந்த கார் ஒன்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"பொய் பேசாதீக சார்" என்றாள் மருதம்மாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, கைப்பிடியை மட்டும் பற்றிக்கொண்டாள். "எறங்கிருவாக."

எரிந்த ரப்பரும் இரும்பும் கலந்த நெடி வந்தது. பிரேக் பெடல் காலுக்கடியில் பஞ்சுபோல் அமுங்கியது. மிதித்தான், பம்ப் அடித்தான், மறுபடி மிதித்தான்.

"என்ன சொல்லி அனுப்புனீக?"

"நான் ஒண்ணுமே சொல்லலீங்க! அவராத்தான் போட்டாரு! அவரா..."

நான்கு அணைந்தது.

அந்த இடத்தில் N என்ற ஆங்கில எழுத்து எரிந்தது.

தனபால் லீவரைப் பார்த்தான். அது டிரைவில் இருந்தது. கையால் தடவிப் பார்த்தான். டிரைவில்தான் இருந்தது.

மீட்டர் நியூட்ரல் என்றது.

வண்டியைப் பிடித்திருந்த கை வண்டியை விட்டுவிட்டது.

வேகம் அறுபது.

எழுபது.

பனிக்குள் ஆறாவது வளைவின் மஞ்சள் பலகை தெரிந்தது. அவன் இடக்கைப் பக்கம், பை இருந்த இடத்துக்குச் சற்று மேலே, யாரோ வாயைக் காதருகே கொண்டுவந்து மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நாந்தான்!" என்று தனபால் அலறினான். "நாந்தானுங்க சொன்னேன்! இறக்கம் முழுக்க நியூட்ரல்ல உட்டுட்டு வா, பதிமூணு காட்டலீன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சொன்னேன்! புடிக்காதுன்னு அவரு சொன்னாரு, சொன்னதச் செய்யின்னேன்! அவரு ஒரு சொட்டு டீசல் எடுக்கலீங்க! நாந்தான் அழிச்சேன்!"

எஞ்சின் கத்தியது. இரண்டு பேரும் முன்னால் தூக்கி எறியப்பட்டு பெல்ட்டில் தொங்கினார்கள். ஆறாவது வளைவை வண்டி இருபதில் திரும்பியது, ஒரு கல்லைக்கூடத் தொடாமல்.

மீட்டரில் இரண்டு.

அதற்குப் பிறகு தனபாலின் கால்கள் பெடலில் இல்லை. இரண்டையும் மடக்கிச் சீட்டுக்கடியில் வைத்திருந்தான். ஸ்டியரிங்கை மட்டும் பிடித்திருந்தான், அதுவும் வழக்கத்துக்காக. மருதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான்கு மாதத்தில் அவள் அழுது அவன் பார்த்ததில்லை. இரண்டாவது வளைவு தாண்டியதும் முகத்தைத் துடைத்தாள்.

"இப்பச் சொன்னத அப்பிடியே எழுதிக் குடுங்க சார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தத் திருடங்கிற சொல்லு போனாப் போதும்."

"எழுதறேனுங்க. சத்தியமா எழுதறேன்."

அந்த நேரத்தில் அவன் அதை மனதாரத்தான் சொன்னான். எண் இரண்டிலேயே நின்றது.

கல்லாறு வந்தது. பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ரோடு சமதளமாயிற்று. பனி இல்லை, வெயில்கூடக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு டீக்கடை, இரண்டு பஸ், பழம் விற்கிற பெண்கள். வண்டி தானாக மூன்றுக்குப் போனது, நான்குக்குப் போனது, எந்த வண்டியும் போவதுபோல் போனது. தனபால் ஓரமாக நிறுத்தி, இறங்கி, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. சுடாமல் என்ன செய்யும் என்று நினைத்தான். மலை இறங்கின வண்டி.

போன் சிக்னல் பிடித்ததும் முதலாளி அழைத்தார். தனபால் டீக்கடைக்குப் பின்னால் போய்ப் பேசினான். ஆறு நிமிடம். அதில் முக்கால் பங்கு "ஆமாங்க", "சரிங்க" என்பதுதான். கம்பெனியில் பதினாறு வருடம். வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற மகள். "எழுதுனீன்னா மொதல்ல உள்ள போறது நீதான் தனபாலு, நானில்ல. மெசேஜ் அனுப்புனது ஆரு?" என்று முதலாளி அக்கறையோடு கேட்டார்.

திரும்பி வந்தபோது அவன் முகம் பழைய முகமாகியிருந்தது.

"மருதம்மா, மேல பயத்துல என்னென்னமோ உளறீட்டனுங்க. பிரேக் சூடாயிருச்சு, மண்டை கொழம்பிப் போச்சு. அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. நான் ஒண்ணும் அனுப்பலீங்க."

மருதம்மாள் அவனையே பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. மஞ்சள் பையைத் தூக்கிக் கையில் ஏந்தி, எடை பார்ப்பதுபோல் ஒரு கணம் வைத்திருந்தாள். பிறகு அதை ரோட்டோரத்தில் கவிழ்த்தாள். மூன்று பிடி மண், அவ்வளவுதான்.

"எறங்கிட்டாக சார்."

"நீங்க ஏறுங்க, ஊட்டுல உட்டர்றேன்."

"வேணாம். நான் பஸ்ஸுல போய்க்கிறேன்." நான்கடி போனவள் நின்றாள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "எங்கூட வரல. யாருகிட்டப் பாக்கி இருக்கோ அவுககூடத்தான போவாக."

வண்டியை அதே வாரம் விற்கச் சொன்னான் தனபால். முதலாளி ஒத்துக்கொண்டார், தனபால் உண்மையை எழுதமாட்டேன் என்றதற்குப் பிறகு எதற்கும் ஒத்துக்கொள்கிற மனநிலையில் அவர் இருந்தார். குன்னூர் சரக்கை லாரி ஆபீஸில் போட்டு அனுப்பினார்கள். தனபால் மலைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. திருப்பூர் தட்டையான ஊர். பாலத்தைக்கூடச் சுற்றிக்கொண்டு போனான்.

விசாரணை ஆபீஸ் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. தனபால் ஏறிப் போய், தன் கையால் ஒன்றேகால் பக்கம் எழுதிக் கொடுத்தான். 'மேற்படி ஓட்டுநர், நிர்வாகத்தின் அறிவுரைக்கு மாறாக, தன்னிச்சையாக வாகனத்தை நியூட்ரலில் இயக்கியுள்ளார்.' எழுத்து முத்துமுத்தாக இருந்தது. அதிகாரி படித்துவிட்டுத் தலையாட்டினார். மணி காலை பதினொன்றரை. வராந்தாவில் நல்ல வெளிச்சம்.

படியில் இறங்கினான்.

முதல் படியிலேயே தெரிந்தது. சட்டைக் காலரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். இறுக்கமாக அல்ல. விழாமல் இருப்பதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

திரும்பினான். படிக்கட்டில் யாருமில்லை.

இரண்டாவது படி. மூன்றாவது. பிடி கூடவே இறங்கியது.

நாலு ஃபைலைச் சுமந்துகொண்டு கீழேயிருந்து ஏறி வந்த ஆபீஸ் ஆள் சுப்பண்ணன், மூச்சு வாங்க நின்று சிரித்தார். "வேலை முடிஞ்சுதுங்களா? பனியன் கம்பெனி டிரைவர் கேஸுதானுங்க? பாவம், என்னுங்க ஆச்சு அந்தாளுக்கு?"

"அவராத்தானுங்க நியூட்ரல்ல உட்டுக்கிட்டாரு" என்றான் தனபால். ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லி, அது நாக்கில் தானாக வந்தது.

காலரிலிருந்து ஒரு விரல் விட்டது.

உடம்பு முன்னால் சரிந்தது. படிகள் எழுந்து முகத்துக்கு வந்தன. கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, அவன் அந்த இடத்திலேயே குந்திவிட்டான்.

"அடக் கடவுளே, பாத்துங்க!" என்று சுப்பண்ணன் ஃபைலைக் கீழே வைத்தார். "தலை சுத்துதுங்களா? வாங்க, நான் வேணாப் புடிச்சுக்கறேன். மெதுவா எறங்கலாம்."

தனபால் அசையவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. சுவரில் அழுந்தி அதுவே எடுத்துக்கொண்டது. முதலாளியின் குரல் சட்டைக்குள்ளிருந்து கேட்டது. "ஏம்ப்பா, அவனாத்தான் போட்டான்னு சொல்லீட்டீல்ல? அலோ? தனபாலு? வாயில சொல்லப்பா, சொல்லீட்டீல்ல?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

காலரில் இன்னும் நான்கு விரல் இருந்தது. கீழே நாற்பத்தொரு படி.